மன்னருக்குப் போகாத மனு

1938, டிசம்பர் 6. மெல்போர்னில் உள்ள ஜெர்மானியத் தூதரக அலுவலக வாசலில் ஒரு சிறு கூட்டம். ஹிட்லர் ஆட்கள் யூதர்கள் மீது நடத்திய வெறியாட்டத்தைக் கண்டிக்கும் தீர்மானம் அவர்கள் கையில். வந்தவர்கள் யூதர்கள் அல்ல. சொந்த மண்ணிலேயே உரிமை மறுக்கப்பட்ட ஆஸ்திரேலியப் பழங்குடியினர்!

'நம்ம பாடே திண்டாட்டம், இதுல ஊரார் கவலை எதுக்கு?' என்று கேட்கத் தோன்றுகிறதா? தலைவர் வில்லியம் கூப்பருக்கு அப்படித் தோன்றவில்லை. தூதரகமோ தீர்மானத்தை வாங்கவே மறுத்தது.

கூப்பருக்கு இது புதுசில்லை. யோர்ட்டா யோர்ட்டா இனத்தவர். அரசுக் குடியிருப்பில் இருந்தால் முதியோர் பென்ஷன் கிடையாது என்பதால், எழுபது வயதைத் தாண்டியபின் 1933-ல் மெல்போர்னுக்கு வந்தார். அங்கே 'ஆஸ்திரேலியப் பழங்குடியினர் லீக்' அமைப்பை உருவாக்கினார். பழங்குடியினர் மட்டுமே அதில் முழு உறுப்பினர்கள். 'எங்களுக்காக நாங்களே பேசிக்கொள்கிறோம்' என்பதுதான் இதன் அர்த்தம்.

பிரிட்டிஷ் மன்னருக்கு ஒரு மனு தயாரித்து, 1,814 கையெழுத்துகள் திரட்டினார். முக்கியக் கோரிக்கை என்ன தெரியுமா? நாடாளுமன்றத்தில் தங்களுக்கென ஒரு பிரதிநிதி! 1938-ல் ஆஸ்திரேலிய அரசு, மனுவை மன்னருக்கு அனுப்பாமலே கிடப்பில் போட்டது. 1941-ல் கூப்பர் இறந்தார்.

1835-ல் பழங்குடியினரிடம் நிலத்தை 'வாங்கியதாக' ஒப்பந்தம் காட்டியவர் ஜான் பேட்மேன். மெல்போர்னில் அவர் பெயரில் ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. 2019 தேர்தலில் அதன் பெயர் மாறியது.

புதுப்பெயர்? 'கூப்பர்'!