சோறு நம் பகையா? ஆரணியின் அரிசி வரலாறு சொல்லும் பாடம்

ஆரணி என்றதும் பலருக்கும் பட்டு நினைவுக்கு வரும். புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பட்டுக்கு அடுத்தபடியாக இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தது அரிசி. ஊரைச் சுற்றியும் அருகிலுள்ள களம்பூரிலும் இயங்கும் ஆலைகளிலிருந்து புழுங்கல் அரிசி மூட்டை மூட்டையாக வெளியூர்களுக்குச் செல்கிறது. மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அது ஆற்காட்டு நவாபுகளின் காலத்தோடு இணைத்துப் பேசப்படும் பிரியாணி. நெசவும் நெல்லும் பிரியாணியும் சேர்ந்த ஊர் இது.

இத்தகைய ஊரில் இன்று வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி எழுகிறது. உடல் எடை கூடிவிட்டது, இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது; சோற்றை அடியோடு விட்டுவிட வேண்டுமா? “மாவுச்சத்தே கூடாது” என்கிறார் ஒருவர். “கேழ்வரகுக்கு மாறினால் போதும்” என்கிறார் மற்றொருவர். “நம் பாட்டனார் சோறு உண்டுதானே தொண்ணூறு வயது வரை இருந்தார்?” என்று கேட்கிறார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. எவர் சொல்வதும் முழு உண்மை அன்று. நம் தட்டில் இருக்கும் சோறு எப்படி இந்த நிலையை அடைந்தது என்ற வரலாற்றை அறிந்தால் விடை தெளிவாகும்.

கூழும் களியும் இருந்த காலம்

பழைய வடஆற்காடு மாவட்டம் தஞ்சையைப் போன்ற காவிரிப் பாசன நாடு அன்று. பாலாறும் செய்யாறும் கமண்டல நாக நதியும் மழைக்காலத்தில் தரும் நீரையும், ஏரிகளையும் கிணறுகளையும் நம்பிய பூமி. ஏரிப் பாசனம் உள்ள இடத்தில் நெல் விளைந்தது; மேட்டு நிலத்தில் கேழ்வரகும் கம்பும் சோளமும் சாமையும் விளைந்தன. உழைக்கும் குடும்பங்களில் அன்றாட உணவு கூழும் களியும்தான். நெல்லுச் சோறு பெருநாளுக்கும் திருமணத்துக்கும் விருந்தினர் வரவுக்கும் உரியதாக இருந்தது. அந்த அரிசியும் உரலில் இட்டு உலக்கையால் குத்தப்பட்டது. உமி நீங்கும்; தவிட்டில் ஒரு பகுதி அரிசியோடு ஒட்டியே இருக்கும்.

அரிசியைப் பற்றி இந்த வட்டாரத்தில் வழங்கும் புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு. 1751-இல் ஆற்காட்டுக் கோட்டைக்குள் இராபர்ட் கிளைவின் சிறுபடையை, சந்தா சாகிபின் மகன் ரசா சாகிப் ஏறத்தாழ ஐம்பது நாட்கள் முற்றுகையிட்டார். உணவு குறைந்தபோது, இந்தியச் சிப்பாய்கள் சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சியே தங்களுக்குப் போதும் என்றார்களாம். மெக்காலே தமது கட்டுரையில் எழுதியதால் இக்கதை உலகெங்கும் பரவியது. முற்றுகை நீங்கிய பின் ரசா சாகிப் தோல்வியுற்ற இடம் ஆரணிதான். கதையின் உண்மை எவ்வாறாயினும், அதில் ஒரு செய்தி அடங்கியுள்ளது: அரிசியின் உயிர்ச்சத்துகளில் கணிசமான பங்கு, நாம் கீழே ஊற்றிவிடும் வடிகஞ்சியில்தான் கரைந்து போகிறது. அன்றைய மக்களுக்குக் கஞ்சி வீண்பொருள் அன்று.

ஆலை வந்தது, தவிடு போனது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இயந்திர ஆலைகள் ஆசியா முழுவதும் பரவின. முத்துப்போல வெண்மையாகத் தீட்டிய அரிசி நாகரிகத்தின் அடையாளம் ஆயிற்று. அதன் பின்னாலேயே ‘பெரிபெரி’ என்னும் நோயும் வந்தது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் பலவீனமாகி மக்கள் மடிந்தனர்.

டச்சு ஆட்சியில் இருந்த பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்தியான் எய்க்மான் என்ற மருத்துவர் கோழிகளைக் கொண்டு இதை ஆராய்ந்தார். தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் நடக்க முடியாமல் விழுந்தன. தவிடு நீங்காத அரிசியைக் கொடுத்ததும் தேறின. இப்பணிக்காக அவருக்கு 1929-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் தமிழருக்கும் ஓர் இடம் உண்டு. மலாயாவில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் வெண்ணிற அரிசியை உண்டு பெரிபெரியால் கூட்டம் கூட்டமாக மடிந்தபோது, அதே நாட்டில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் தப்பினர். காரணம், அவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. அங்கே பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் 1907-இல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். அதே காலத்தில் கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் பிளெட்சர் ஒரு சாராருக்கு வெண்ணிற அரிசியையும் மறுசாராருக்குப் புழுங்கல் அரிசியையும் கொடுத்துப் பார்த்தார். நோய் முதல் சாராரையே பற்றியது.

புழுங்கல் அரிசியில் அப்படி என்ன இருக்கிறது? நெல்லை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, களத்தில் உலர்த்திய பிறகே அரைக்கிறார்கள். ஊறும்போதும் வேகும்போதும் தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து ‘பி1’ அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தவிட்டை நீக்கினாலும் அதில் ஒரு பகுதி தங்கிவிடும். ஆரணி ஆலைகளில் இன்றும் நடப்பது இந்தப் பழைய முறையின் இயந்திர வடிவமே. பெயர் தெரியாத நம் முன்னோரின் கைப்பழக்கம், கடல் கடந்து சென்ற எத்தனையோ உயிர்களைக் காத்தது.

சென்னை மாகாணத்திலும் இதே கதைதான். தீட்டிய பச்சரிசி உண்ட வடசர்க்கார் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. இந்நோயை ஆராய 1918-இல் இராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே பின்னர் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அவர் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. அரிசி மிகுந்து, பாலும் பருப்பும் குறைந்த சென்னை உணவுக்குக் கடைசி இடம் கிடைத்தது. தட்டில் அரிசி இருந்தது மட்டும் குறை அன்று. அரிசியைத் தவிர வேறொன்றும் போதுமான அளவில் இல்லாததே பெருங்குறை.

அரிசி அன்றாடமான கதை

விடுதலைக்குப் பின் பஞ்சமும் தட்டுப்பாடும் நாட்டை வாட்டின. 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்ற முழக்கம் ஆட்சியையே மாற்றியது. அரிசிக்கு மக்கள் எவ்வளவு ஏங்கினர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதே ஆண்டுகளில் குட்டை ரக நெல் வந்தது, விளைச்சல் பெருகியது. மலேசியாவில் உருவான மஷூரி ரகத்தின் வழிவந்த பொன்னி தமிழகத்தின் செல்ல அரிசியாயிற்று. 1986-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னியை வெளியிட்டது. 2011 முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றியே கிடைக்கிறது.

இது சாதாரண வெற்றி அன்று. பசியைத் துரத்திய வெற்றி. அதைக் குறைத்துப் பேசுவது நன்றி மறப்பதாகும். ஆனால் இந்த வெற்றியின் ஊடே மூன்று மாற்றங்கள் ஓசையின்றி நிகழ்ந்தன. பெருநாள் உணவு மூன்று வேளை உணவாயிற்று. தவிடு முழுவதுமாய் நீங்கியது. உழைப்பும் குறைந்தது. குழித்தறியில் அமர்ந்து மிதியை மிதித்து நாடாவை ஓட்டியவரின் பிள்ளைகள் இன்று விசைத்தறிக்கு அருகில் நிற்கிறார்கள், அல்லது கடைக் கல்லாவிலும் கணினி முன்னும் அமர்ந்திருக்கிறார்கள். பாட்டனார் உண்ட சோற்றின் அளவு பேரனின் தட்டில் அப்படியே இருக்கிறது. அதைச் செரித்த உழைப்பு மட்டும் இல்லை.

விளைவு நாம் அறிந்ததே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக 2023-இல் அறிவித்தது. ஏறத்தாழ 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கின்றனர்.

எவ்வளவு? எத்தகையது?

அதே ஆய்வுக் குழுவினர் 2025-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியர் பெறும் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. 18,090 பேரின் உணவை ஆராய்ந்து 2022-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இன்னும் பயனுள்ளது. புதிதாக நீரிழிவு கண்டவர்கள் மாவுச்சத்தை 49 முதல் 54 விழுக்காட்டுக்குக் குறைத்து, புரதத்தை 20 விழுக்காடு அளவுக்கு உயர்த்தினால் நோய் தணிய வாய்ப்புண்டு என்றது அக்கட்டுரை. ஆகவே மாவுச்சத்தை அறவே ஒழிக்க வேண்டியதில்லை. நம் தட்டிலிருந்து நான்கில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றை வைப்பதற்கு ஏறக்குறைய இது சமம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், தானியங்களிலிருந்து வரும் ஆற்றல் 45 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறது.

இதை அடுப்பங்கரைக் கணக்கில் பார்ப்போம். எடை குறைக்க நாளுக்கு 1,600 கலோரி உண்ணும் ஒரு பெண்மணிக்கு அதில் பாதி மாவுச்சத்து என்றால் 800 கலோரி. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும். ஆகவே 200 கிராம். வேகவைக்காத 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து உண்டு. நாள் முழுவதற்கும் இட்லி, சோறு, சப்பாத்தி எல்லாம் சேர்த்து 150 கிராம் தானியம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 115 கிராம் வந்துவிடும். மீதி பருப்பு, பால், பழம், காய்கறிகளிலிருந்து வரும். நன்றாகப் பரிமாறிய ஒரு தட்டுப் பிரியாணியிலேயே அந்த 150 கிராம் அரிசி முடிந்துவிடக்கூடும் என்பதை நினைவில் கொள்க.

அளவைப் போலவே வகையும் முக்கியம். உண்ட உணவு எவ்வளவு விரைவாக இரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதை அளக்கும் ‘கிளைசெமிக் குறியீடு’ என்னும் முறையை 1981-இல் டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் உருவாக்கினர். 70-ஐ எட்டினால் அது உயர்ந்த அளவு. சென்னையில் சோதித்தபோது தீட்டிய பொன்னி அரிசி ஏறத்தாழ 70 பெற்றது. பெரிபெரியிலிருந்து காக்கப் புழுங்கல் முறை போதுமானதாக இருந்தது. நீரிழிவிலிருந்து காக்க அது மட்டும் போதாது. தவிட்டின் நார்ச்சத்தும் வேண்டும். 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராம் அளவே. கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11 கிராம்.

அப்படியானால் சிறுதானியத்துக்கு மாறினால் போதுமா? 2025 ஆய்வு இங்கேதான் நம்மை எச்சரிக்கிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. இரண்டு தட்டுச் சோற்றுக்குப் பதில் ஆறு சப்பாத்தி உண்பது உணவுக் கட்டுப்பாடு ஆகாது. நைசாக அரைத்த கேழ்வரகு மாவைக் கரைத்துக் காய்ச்சிய கஞ்சியும் விரைவில் சர்க்கரையாகிவிடும். முழுத் தானியமாக, மென்று உண்ணும்படியாக, பருப்பும் கீரையும் உடன் சேர்த்து, குறைந்த அளவில் உண்பதே பயன் தரும்.

நம் விருந்தும் நோன்பும்

மதீனாவின் அன்றாட ரொட்டி வாற்கோதுமையால் ஆனது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மாவைச் சலிக்கும் வழக்கம் இருந்ததா என்று பின்னாளில் வந்த ஒருவர் வினவியபோது, சலிப்பதில்லை, அரைத்த மாவை ஊதி, பறக்கும் உமி போக மீதியைப் பிசைந்து உண்டோம் என்ற பொருளில் தோழர் சஹ்ல் இப்னு சஅத் (ரலி) விடையளித்ததாக புகாரி தொகுப்பில் காண்கிறோம். எய்க்மானின் கோழிகள் கற்பித்த பாடத்துக்கு நூற்றாண்டுகள் முந்திய வாழ்க்கை முறை அது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு உரியது என்ற நபிமொழியையும் நாம் மேடைகளில் கேட்கிறோம்; தஸ்தர்கானில்தான் மறந்துவிடுகிறோம்.

நம் மரபு உணவிலேயே வழிகள் உள்ளன. நோன்புக் கஞ்சியை எண்ணிப் பாருங்கள்: அரிசியோடு பாசிப்பருப்பு, வெந்தயம், சிறிது கறி சேர்ந்தது. அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டினால் அதுவே நல்ல உணவு. கஞ்சியோடு சமோசா, வடை, சர்க்கரைப் பானம், பிறகு பரோட்டா என்று அடுக்குவதே தீங்கு. பிரியாணியையும் விலக்க வேண்டியதில்லை. கறியும் கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும் கூடட்டும், அரிசி குறையட்டும். அன்றைய மற்ற வேளைகளில் சோறு வேண்டாம். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். அவர்கள் உணவை மாற்றுமுன்னும், ரமலானுக்கு முன்னும் மருத்துவரைக் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும்.

சோறு நம் பகை அன்று. பட்டினியிலிருந்து நம்மைக் கரையேற்றிய அருட்கொடை அது. அது பெருநாளுக்கு மட்டும் உரியதாக இருந்தபோது நம் முன்னோர் அதை மதித்து உண்டார்கள். எப்போதும் கிடைக்கும் காலத்தில் நாம் அதன் அளவை மறந்தோம். அடுத்த வேளை தட்டை நிரப்பும் கரண்டியில் ஒன்றைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பையும் கீரையையும் வைக்க இன்றே தொடங்குவோம். நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாளை அவர்கள் உண்ணப்போகும் அளவும் அதுவே. வல்ல இறைவன் நம் இல்லங்களுக்கு நலம் அருள்வானாக.