‘ஜேன் அயர்’ நாவலும் அதன் வாசகரும்: ஏற்பு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இலக்கிய வரலாற்றை எழுதுவோர் ‘வாசகர்’ என்ற சொல்லைப் பெரும்பாலும் ஒருமைப் பொருளிலேயே வழங்கி வந்துள்ளனர். வாசகர் விரும்பினர், வாசகர் வெறுத்தனர் என்று கூறும்பொழுது, எவ்வர்க்கத்தைச் சேர்ந்த, எக்காலத்தைச் சேர்ந்த வாசகர் என்ற வினா மறைந்துவிடுகின்றது. இதற்கு எதிராக, வாசிப்பு என்பது முற்றிலும் தனிமனித இரசனை சார்ந்ததென்றும், ஒவ்வொருவர் கருத்தும் சமமானதேயென்றும் வாதிப்போருமுளர். இவ்விரு நிலைப்பாடுகளும் வரலாற்றுக்குப் புறம்பானவை என்பதே எமது கருத்து. ஆங்கிலத்தில் எழுந்த ஆளுமை வளர்ச்சி நாவல்களுள் பெரும் புகழ் பெற்ற ஒன்றைக் கொண்டு இதனை நோக்குவோம்.

சார்லட் புரொண்டியின் ‘ஜேன் அயர்’ 1847 ஒக்டோபரில், கரர் பெல் என்ற புனைபெயரில் வெளிவந்தது. தாய் தந்தையரற்ற சிறுமியொருத்தி உறவினர் வீட்டிலும் தரும பாடசாலையிலும் துன்புற்று வளர்ந்து, செல்வந்தர் இல்லமொன்றில் தங்கிக் கற்பிக்கும் ஆசிரியையாகி, ஈற்றில் தன் மதிப்பை நிலைநாட்டிக்கொள்வதே கதை. ஆண்டுக்கு 30 பவுண் ஊதியம் பெறும் அவ்வாசிரியை வேலைக்காரருமல்லள், குடும்பத்தவருமல்லள். மத்தியதர வர்க்கத்துப் பெண்ணின் இந்த இரண்டுங்கெட்டான் நிலையை, 1839 இலும் 1841 இலும் இத்தகைய ஆசிரியையாகப் பணியாற்றிய நாவலாசிரியர் நேரில் அறிந்திருந்தார்.

நாவல் உடனடியாகவே பெருவரவேற்புப் பெற்றது. 1847 டிசெம்பரில் ‘பிரேசர்ஸ்’ சஞ்சிகையில் எழுதிய ஜோர்ஜ் ஹென்றி லூயிஸ் அதன் யதார்த்தப் பண்பை வியந்து பாராட்டினார். ஆனால் சரியாக ஓராண்டின் பின், பழைமைபேண் கட்சியினரின் குரலாக விளங்கிய ‘குவாட்டர்லி ரிவியூ’வில் எலிசபெத் ரிக்பி பெயர் குறிப்பிடாது எழுதிய மதிப்புரை இதனைக் கடுமையாகச் சாடியது. செல்வரின் வசதிக்கும் வறியோரின் இல்லாமைக்கும் எதிராக முணுமுணுப்பது இறைவன் வகுத்த ஒழுங்குக்கே எதிரானதென்றும், ஐரோப்பாவில் ஆட்சிகளைக் கவிழ்த்த மனப்பாங்கும் இந்நாவலை எழுதிய மனப்பாங்கும் ஒன்றேயென்றும் அவர் கருதினார்.

இவ்விரு மதிப்புரைகளுக்குமிடையே 1848 ஆம் ஆண்டு கிடக்கின்றது என்பது கருத்தூன்றிக் கவனிக்கத்தக்கது. அவ்வாண்டு பெப்ரவரியில் பாரிசில் முடியாட்சி வீழ்ந்தது. ஏப்ரல் 10 ஆம் நாள் இலண்டன் கெனிங்ரன் திடலில் சாசன இயக்கத்துத் தொழிலாளர் பெருந்திரளாகக் கூடினர். நூல் மாறவில்லை, வாசிப்பவர் அச்சங்கொண்டிருந்தார். எனினும் அவ்வச்சம் வெறும் பிரமையன்று. பெண்ணின் மன அமைதியின்மையை, தம் விதிக்கெதிராக மௌனமாய்க் குமுறும் இலட்சக்கணக்கானோரின் கிளர்ச்சியோடு நாவலே இணைத்துப் பேசுகின்றது. பாராட்டிய நண்பர் காணத் தவறிய அரசியலைப் பகைமை கொண்ட வாசகர் கண்டுகொண்டார்.

ஆயினும் ரிக்பி அஞ்சிய அளவுக்கு ஜேன் புரட்சிக்காரியுமல்லள். சிறுமியாக இருக்கும்போதே வறிய உறவினரிடம் சென்று வாழ அவள் விரும்புவதில்லை. அவளது சமத்துவக் கோரிக்கை ஈற்றில் 20,000 பவுண் மரபுரிமைச் சொத்தினாலேயே நிறைவேறுகின்றது. கிளர்ச்சியையும் இணக்கத்தையும் ஒருங்கே பேண முயலும் இம்முரண்பாட்டை 1975 இல் ரெறி ஈகிள்ரன் மார்க்சிய நோக்கில் ஆராய்ந்தார். வர்ஜீனியா வுல்ஃப் 1929 இல் கலைக்குறையாகக் கண்ட ஆசிரியரின் சினம், 1970களின் பெண்ணிலைவாத விமர்சகருக்கு நாவலின் உயிர்நாடியாகப் புலப்பட்டது.

எனினும் இவ்வாசிப்புகளில் ஒரு வினா நெடுங்காலம் உரிய இடத்தைப் பெறவில்லை. அப்பணம் எங்கிருந்து வந்தது? சொத்தை விட்டுச்சென்ற சிற்றப்பன் மதெய்ரா தீவின் வணிகர். ஜமெய்க்காவின் மேசன் குடும்ப வணிகத்துடன் தொடர்புடையவர். கதாநாயகன் ரொச்செஸ்ரருக்கு அக்குடும்பத்துப் பேர்தாவை அவரது தந்தை மணமுடித்து வைத்தது 30,000 பவுண் சீதனத்துக்காகவே. அப்பெண்ணே மாளிகையின் மூன்றாம் மாடியில் பைத்தியமெனப் பூட்டிவைக்கப்படுகின்றாள். 1833 இன் அடிமை ஒழிப்புச் சட்டம் 20 மில்லியன் பவுண் நட்டஈட்டை உடைமையாளருக்கு வழங்கியதேயன்றி, அடிமைகளுக்கு எதுவும் வழங்கவில்லை என்பதையும் இங்கு நினைவுகூரல் தகும்.

மேற்கிந்தியத் தீவுகளில் டொமினிக்காவிற் பிறந்த ஜீன் றீஸ் 1966 இல் வெளியிட்ட நாவலில் பேர்தாவுக்குக் கதை கிடைத்தது. 1985 இல் காயத்ரி ஸ்பிவாக், ஜேனின் தனிமனித விடுதலை ஏகாதிபத்தியத்தின் மீது எழுப்பப்பட்டதென வாதிட்டார். இவர்கள் நாவலுக்குப் புதியதொன்றைப் புகுத்தினரல்லர். அத்தொகைகளும் அப்பூட்டிய அறையும் 1847 முதலே நூலில் இருந்தன. அவற்றை முதன்மைப்படுத்தும் வாசகரை வரலாறு பின்னரே தோற்றுவித்தது.

எனவே வாசிப்பு வேறுபாடுகள் வெறும் இரசனை வேறுபாடுகளல்ல. ஒவ்வொரு வாசகரின் சமூக நிலையும் நூலின் ஒரு பகுதிக்கு ஒளியூட்டி, மற்றொன்றை இருளில் விடுகின்றது. முற்போக்கு வாசகரான நாமும் இவ்விதிக்கு விலக்கானவர்களல்லர். ஜேனின் சினத்தில் எமது சினத்தைக் கண்டு மகிழ்ந்தபோது, மேல்மாடியிலிருந்து வந்த சிரிப்பொலியை நாமும் கதையின் திகிலூட்டும் உத்தியென்றே கடந்து சென்றோம். எமது வாசிப்பு எவரைப் பூட்டிவைத்துள்ளது என்று கேட்கத் துணியும்போதே விமர்சனம் சுயவிமர்சனமாகின்றது.