ஹாலிஎலப் பாறைகளின் வயது

ஹாலிஎலவும் பதுளையும் இலங்கையின் உயர்நிலப் பாறைத்தொகுதியில் அமைந்துள்ளன. தேயிலை மலைகளின் மண்ணுக்கு அடியில் குவார்ட்சைட்டு, பளிங்கு, சார்னோகைட்டு போன்ற உருமாறிய பாறைகள் இருக்கின்றன.

இலங்கைக் கனிம ஆய்வு 1903இல் ஆனந்த குமாரசுவாமியின் தலைமையில் தொடங்கியது. 1911இல் நிலவியலாளர் ஆர்தர் ஹோம்ஸ் யுரேனியம்–ஈய முறையில் கணித்த வயதுகளில் மிகப் பழையது இலங்கை மாதிரிக்கு உரியது: ஏறத்தாழ 160 கோடி ஆண்டு. ஐசோடோப்புகள் அப்போது அறியப்படாததால் அக்கணக்கு நிலைக்கவில்லை.

பொட்டாசியம்-40 சிதைந்து ஆர்கன்-40 ஆவதைக் கொண்டும் வயது கணிக்கலாம் என 1948இல் ஆல்ட்ரிச்சும் நியரும் காட்டினர். பொட்டாசியம்-40இன் அரைவாழ்வு 125 கோடி ஆண்டு. ஆனால் கருமைக்கா என்ற பொட்டாசியக் கனிமம் ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால் ஆர்கன் வெளியேறிவிடும். ஆகவே அது காட்டுவது பாறை பிறந்த காலத்தை அன்று, கடைசியாகக் குளிர்ந்த காலத்தையே.

உயர்நிலப் பாறைகள் 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றிணைந்தபோது, கடுமையாகச் சூடாகின. அதற்கு முந்திய ஆர்கன் கணக்கு அப்போதே அழிந்தது. பழமையைக் காத்தது சிர்க்கான் என்ற கனிமம். உயர்நிலத் தொகுதியின் உருமாறிய படிவுப் பாறைகளில் 300 கோடி ஆண்டைத் தாண்டிய சிர்க்கான் மணிகள் 1980களில் அறியப்பட்டன.