மக்கள் இல்லம் இருந்த இடம்

பிரஸ்ஸல்ஸ் நகரில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த மரோல் பகுதியை ஒட்டி, 1899இல் மக்கள் இல்லம் திறக்கப்பட்டது. கட்டச் சொன்னது பெல்ஜியத் தொழிலாளர் கட்சி. வடிவமைத்தவர், வசதியானவர்களுக்கு வீடு கட்டிப் பெயர் வாங்கியிருந்த விக்டர் ஓர்ட்டா.

மனை சரிவானது, கோணல்மாணலானது. முன்னால் வட்டமான சதுக்கம். அந்த வளைவையே முகப்பாக்கி, செங்கல்லும் கல்லும் இருக்கவேண்டிய இடத்தில் பெரும்பகுதி இரும்பையும் கண்ணாடியையும் நிறுத்தினார் ஓர்ட்டா. கீழே காபிக்கடை, கூட்டுறவுக் கடைகள், கட்சி அலுவலகங்கள். சுமார் 2,000 பேர் உட்காரும் கூட்ட அரங்கை உச்சி மாடியில் வைத்தார். குடியிருப்பில் காற்றும் வெளிச்சமும் கிடைக்காதவனுக்குத் தன் கட்சிக் கட்டடத்திலாவது அவை தாராளமாகக் கிடைக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

அறுபதுகளில் கட்சிக்கே அது பழசாகிவிட்டது. வந்து இடித்தவன் எதிரி என்றால் கதை சுலபமாக இருந்திருக்கும். இங்கே சொந்தக்காரர்களே இடிக்க முன்வந்தார்கள். 1964இல் வெனிசில் கூடிய மாநாட்டில் 700க்கும் மேற்பட்ட கட்டடக் கலைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பலன் இல்லை, 1965இல் இடிப்பு தொடங்கியது. ஓர்ட்டாவின் மாணவர் ழான் டெல்லே மன்றாடியதால் ஒரு சலுகை மட்டும் கிடைத்தது: முக்கியமான பாகங்களைக் கழற்றி, எண்ணிட்டு, வேறிடத்தில் மறுபடி பூட்டலாம். வேறிடம் வரவே இல்லை. திறந்தவெளியில் கிடந்த இரும்பு துருப்பிடித்தது, திருடுபோனது, பழைய இரும்பு விலைக்கும் போனது. பழைய மனையில் 26 மாடிக் கோபுரம் எழும்பியது. கழற்றி வைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டது, இடிப்பவர்களின் மனசாட்சிக்குத்தான் உதவியது.

நகரம் அங்கேயே நின்றுவிடவில்லை. 1967இல் வடக்குக் குடியிருப்பில் அலுவலகக் கோபுரங்களுக்கான திட்டம் வந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். கண்மூடித்தனமாக இடித்துக் கட்டும் வழக்கத்துக்கு நகரமைப்பு உலகமே பிரஸ்ஸல்ஸின் பெயரைச் சூட்டியது.

1969இல் மரோல் திருப்பி அடித்தது. குன்றின்மேல் இருக்கும் ‘நீதி அரண்மனை’ என்ற நீதிமன்றக் கட்டடத்தை விரிவாக்க, அடிவாரத்து மக்களைக் காலிசெய்யச் சொன்னது அரசு. 1883இல் முடிந்த அந்த அரண்மனைக்காக முன்பே ஒருமுறை வீடிழந்த பகுதி அது. ழாக் வான் டெர் பீஸ்ட் என்ற பாதிரியார் முன்னே நிற்க, தெருக்காரர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். அரசு பின்வாங்கியது. வென்றவர்கள் கட்டட முதலாளிக்கும் அவன் மனைவியான அதிகாரவர்க்கத்துக்கும் பாவனைச் சவ ஊர்வலம் நடத்தி, தெருவில் கல்லறைக் கல்லும் பதித்தார்கள். வெனிசின் 700 பேரால் ஆகாததை, வாடகை வீட்டுக்காரர்கள் சாதித்தார்கள்; அவர்களுக்கு அது அழகைப் பற்றிய வாதமாக இல்லை, குடியிருக்கும் கூரையைப் பற்றியதாக இருந்தது. அதே ஆண்டில்தான் நகர வளர்ச்சியைத் தட்டிக்கேட்கும் ‘அராவ்’ என்ற குடிமக்கள் அமைப்பும் பிறந்தது. ஓர்ட்டாவின் சொந்த வீடும் அருங்காட்சியகமானது.

மிஞ்சிய இரும்பில் கொஞ்சம், ஓர்ட்டாவின் பெயரையே தாங்கிய பிரஸ்ஸல்ஸ் சுரங்க ரயில் நிலையத்தில் இருக்கிறது. கொஞ்சம் ஆன்ட்வெர்ப் நகரின் ஒரு காபிக்கடைக்குப் போனது. 2000இல் யுனெஸ்கோ ஓர்ட்டாவின் நான்கு வீடுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒன்று தொழிலதிபர் சோல்வே குடும்பத்தினுடையது. இன்னொன்று பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் காங்கோவை நிர்வகித்த வான் எட்வெல்டேயினுடையது. அவருடைய சொந்த வீடு போக, மற்ற மூன்றும் வசதிபடைத்தவர்களுக்காகக் கட்டியவை.