ஐந்தாவது மனைவி பேசினாள்: நாஞ்சில் நாட்டில் 'தனிமனிதன்' வந்த கதை

போன எபிசோடுக்குப் பிறகு சென்னையில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "பகுத்தறிவு, தனிமனித உரிமை எல்லாம் வெளிநாட்டுச் சரக்குதானே? நம்ம ஊர்ல யாராவது இதை வீட்டுக்குள்ள கொண்டுவந்து பார்த்திருக்காங்களா?" பார்த்திருக்காங்க. அதுவும் வீட்டுக்குள்ளதான் முதல்ல கொண்டுவந்தாங்க.

கேள்வி எங்கிருந்து வருதுன்னு புரியுது. இன்ஜினியரிங் ஹாஸ்டல்ல ஃப்ளோருக்கு ஒருத்தராவது அய்ன் ராண்ட் படிச்சிருப்பாங்க. ராண்ட் 1905-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பாவின் மருந்துக்கடையை போல்ஷெவிக்குகள் பறிமுதல் செய்தார்கள். அந்தக் காயத்தோடு அமெரிக்கா போய், என் அறிவு, என் உழைப்பு, என் சொத்து என்பதை ஒரு தத்துவமாகவே கட்டினார். அவருடைய நாவல்களில் ஒன்றைக் கவனிச்சிருக்கீங்களா? ஹோவர்ட் ரோர்க்குக்குக் குழந்தை கிடையாது. ஜான் கால்ட்டுக்கும் கிடையாது. நான் செத்தால் என் சம்பாத்தியம் யாருக்கு என்ற கேள்வியே அந்த நாயகர்களுக்கு வராது. நாஞ்சில் நாட்டில் சண்டை ஆரம்பித்ததே அந்தக் கேள்வியில்தான்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் கீரிப்பாறை, குமரி மாவட்டத்தின் மலையடிவாரம். எங்க ஊர்ல ரப்பர். பஸ் ஏறி நாகர்கோவிலைப் பார்த்து இறங்கினால் ரப்பர் முடிந்து தென்னையும் வாழையும் வரும், அப்புறம் வயல். தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்ற இரண்டு தாலுகாக்கள், அதுதான் பழைய நாஞ்சில் நாடு. 1956 நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாட்டோடு சேரும்வரை மலையாளப் பக்கத்து ஆட்சியில் இருந்த தமிழ் மண். இங்கே பகுத்தறிவு என்று சொன்னால் உடனே ஜீவா பெயரைச் சொல்வார்கள். 1907-ல் பூதப்பாண்டியில் பிறந்தவர், பகத்சிங்கின் 'நான் ஏன் நாத்திகன்' கட்டுரையைத் தமிழாக்கி அதற்காகக் கைதானவர். நியாயம்தான். ஆனால் ஜீவா மேடை ஏறுவதற்கு முன்பே இந்த வயல்களுக்கு நடுவில் இன்னொரு விவாதம் நடந்து முடிந்திருந்தது. அதில் கடவுள் வரவே இல்லை. வரப்பும் வாரிசும்தான்.

நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்களில் பெரும்பகுதியினர் அன்றைக்கு மருமக்கள் வழியினர். அதாவது ஒருவரின் சொத்து மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். குடும்பச் சொத்து பொது. மூத்த ஆண், காரணவர், நிர்வாகம் செய்வார். மொத்த வீட்டுக்கும் அவர் ஒருவரிடம்தான் அட்மின் ஆக்சஸ். மற்றவர்களுக்குச் சாப்பாடு உண்டு, துணி உண்டு, "என் பங்கைப் பிரிச்சுக் கொடு" என்று கேட்கும் வழி கிடையாது.

இதே முறை நாயர்களிடமும் இருந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. நாயர் பெண் பொதுவாகத் தன் தறவாட்டிலேயே இருப்பாள், பிள்ளைகளும் அங்கேயே வளரும், அந்தச் சொத்தில் அவர்களுக்கு இடம் உண்டு. நாஞ்சில் வெள்ளாளப் பெண்ணோ கல்யாணம் ஆனதும் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள். வாழ்வது ஒரு வீட்டில், உரிமை இருப்பது இன்னொரு வீட்டில். புருஷன் இருக்கும்வரை ஓடும். அவர் கண்ணை மூடினால் மருமகன் வந்து சாவியை வாங்குவான். 'உகந்துடைமை' என்று மனைவி மக்களுக்கு ஒரு சிறு பங்கு ஒதுக்கும் வழக்கம் இருந்தது. அதையும் பெரும்பாலும் போராடித்தான் வாங்கணும்.

காரணவர்கள் எல்லாரும் வில்லன்கள் என்று சொல்ல வரவில்லை. டிசைனே அப்படி. பகலில் மருமக்களுக்காகச் சொத்தைக் காக்க வேண்டிய மனிதர், ராத்திரி தன் பிள்ளை முகத்தைப் பார்க்கணும். கொஞ்சம் நெல் பின்வாசல் வழியாக நகரும். மருமகனுக்குச் சந்தேகம் வரும். அடுத்தது கோர்ட்.

இங்கேதான் தேசிகவிநாயகம் பிள்ளை வருகிறார். 1876-ல் தேரூரில் பிறந்த பள்ளி ஆசிரியர், கவிமணி என்று நமக்குப் பாடப்புத்தகத்தில் அறிமுகமானவர். குழந்தைப் பாட்டு எழுதிய சாதுவான தாத்தா என்று நினைத்திருந்தால், அவர் எழுதிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' படிங்க. 1917-18 வாக்கில் 'தமிழன்' என்ற இதழில் தொடராக வந்த நீண்ட நையாண்டிக் கவிதை அது. மான்மியம் என்றால் புனிதத் தலத்தின் பெருமையைச் சொல்லும் புராணம். இவர் அந்த ஃபார்மட்டை எடுத்து ஒரு சொத்துமுறைக்குப் போட்டார். பேசுவது யார் தெரியுமா? ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி. புருஷனை இழந்து நிற்பவள்.

படலங்களின் பெயரைப் பார்த்தாலே சிரிப்பு வரும். 'மாமி அரசியற் படலம்' என்று ஒன்று. 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்று இன்னொன்று. கோடு என்றால் கோர்ட். கோர்ட் படி ஏறி ஏறியே குடும்பம் முடிந்த கதை.

எனக்கு இதில் பிடித்தது அவர் வாதம் செய்யும் விதம். எந்த சாஸ்திரத்தையும் எடுத்துக் காட்டவில்லை, எந்த ஐரோப்பியத் தத்துவவாதியையும் இழுக்கவில்லை. "இது நாட்டு வழக்கம்" என்று சொன்னவர்களிடம், சரி, இந்த வழக்கம் இந்த ஒரு பெண்ணுக்கு என்ன செய்தது என்று கணக்கு கேட்டார். சமூகம் என்ற பெரிய சொல்லைப் பிரித்து உள்ளே இருக்கும் ஒரே ஒரு ஆளைப் பேச வைத்தார். தனிமனித வாதம் என்றால் எனக்கு இதுதான். ரோர்க் கோர்ட்டில் ஆற்றும் நீண்ட உரையைவிட இந்த ஐந்தாவது மனைவியின் புலம்பல் பலமானது என்பது என் கட்சி. அவரும் அதே சமூகத்துக்காரர் என்பதை மறக்க வேண்டாம். வெளியே நின்று கல் எறியவில்லை.

கவிதை மட்டும் சட்டம் கொண்டுவராது. காற்று ஏற்கெனவே அந்தப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. மலபாரில் 1889-லேயே சந்துமேனன் 'இந்துலேகா' நாவலில் காரணவரை எதிர்த்துத் தன் துணையைத் தானே தேர்ந்தெடுக்கும் பெண்ணை எழுதிவிட்டார். படித்து, அரசு வேலைக்குப் போய், மாதச் சம்பளம் வாங்கும் ஆண்கள் பெருகினார்கள். வயல் பாட்டன் சொத்து, ஆனால் சம்பளம் என்னுடையதுதானே? இந்தக் கேள்விக்கு மருமக்கள் வழியில் நல்ல பதில் இல்லை. திருவிதாங்கூர் 1912-ல் நாயர்களுக்கு ஒரு சட்டம், 1925-ல் அதைவிட விரிவாக இன்னொன்று, அதே காலத்தில் ஈழவர்களுக்கு ஒன்று என்று போட்டது. கொல்லம் ஆண்டு 1101-ல், நம் கணக்கில் 1926 வாக்கில், நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்தது. மனைவி மக்கள் வாரிசானார்கள், பாகம் பிரிக்க வழி திறந்தது.

ஒரு சின்ன நெர்ட் சமாச்சாரம்: 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை எடுத்து, சொல் விளக்கப் பிரிவைப் பாருங்க. மருமக்கள் வழிச் சட்டம் என்றால் எவையெவை என்ற பட்டியலில் நாஞ்சில்நாடு வெள்ளாளர் சட்டமும் இருக்கும். இந்தியா முழுக்க ஓடும் ப்ரோக்ராமில் நம்ம ரெண்டு தாலுகாவுக்கு ஒரு வரி.

இது ஏன் அவ்வளவு பெரிய ரத்தக்களரி இல்லாமல் நடந்தது? ஒவ்வொரு ஆணும் இரண்டு வேஷத்தில் இருந்தான். மருமகனாக அவனுக்கு லாபம், அப்பாவாக நஷ்டம். ஒவ்வொரு பெண்ணுக்கும் அப்படியே: சகோதரியாக மரியாதை, மனைவியாகப் பூஜ்யம். எதிரி வேறு வீட்டில் இல்லை. அதனால் யோசித்துப் பார்த்து மாற முடிந்தது.

ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், புது முறையில் மனைவிக்கு வந்தது சகோதரியிடமிருந்து போனது. பிறந்த வீட்டில் "என் பிள்ளைதான் வாரிசு" என்று நின்றவள் அங்கே விருந்தாளி ஆனாள். சட்டத்தில் பிறந்த தனிமனிதன் பெரும்பாலும் ஒரு அப்பா. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று தமிழ்நாடு சொன்னது 1989-ல். மத்திய சட்டம் 2005-ல்.

இன்னொரு விஷயமும் உறுத்துது. இந்த விவாதத்துக்குள் வர ஒரு நுழைவுச்சீட்டு தேவைப்பட்டது: வயல். அதே மண்ணில் நாடார் பெண்கள் தோள்சீலை போடும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டு, 1859-ல்தான் மகாராஜாவின் அறிவிப்பு வந்தது. அவர்களுக்குச் சொத்து யாருக்கு என்பதற்கு முன்னால், இந்த உடம்பு யாருக்கு என்ற கேள்வியே பாக்கி இருந்தது.

எங்க கீரிப்பாறையில் அரசு ரப்பர் கழகத் தோட்டத்தில் விடிவதற்கு முன்பே பால்வெட்டப் போகிறவர்களில் பலர் இலங்கையில் இருந்து வந்த குடும்பங்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரின் கணக்கு எழுதப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து, 1974-ல், அந்த மீதியையும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். இரண்டு காரணவர்கள் உட்கார்ந்து செய்த பாகப்பிரிவினை, ஆனால் பிரிக்கப்பட்டது மனிதர்கள். வந்தவர்களுக்குக் கிடைத்தது லைன் வீடு. அது வேலையோடு வரும் வீடு. பிள்ளைக்கு எழுதிவைக்க அதில் ஒன்றும் இல்லை. நாஞ்சில் வெள்ளாளருக்கு ஒரு கவிமணி கிடைத்தார், இவர்களுக்காக அப்படி ஒரு மான்மியம் இன்னும் என் கண்ணில் படவில்லை.

அந்த ஒப்பந்தத்தைப் பற்றித்தான் அடுத்த எபிசோட். உங்க வீட்டில் யாரிடமாவது அந்தக் காலத்துக் கப்பல் டிக்கெட்டோ பாஸ்போர்ட்டோ இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.