ஜீப்பின் உயரமும் அகலமும்: ஒரு வரலாற்றுக் கணக்கு



என் தங்கை மகன் பழைய மகிந்திரா ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறான். "மாமா, ஸ்பிரிங்கை மாத்தி 4 இன்ச் தூக்கப் போறேன், பெரிய டயர் போடணும்" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். என்னிடம் படித்தவர்களிலும் சிலர் இப்படி ஜீப் வைத்து மலைப்பாதையில் ஓட்டுகிறீர்கள். அதனால் அவனுக்குச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதுகிறேன். போல்ட் முறுக்குவது மெக்கானிக் வேலை, பழங்கதை சொல்வது வாத்தியார் வேலை.

முதலில் நமக்குத் தெரிந்த ஒன்று. வைக்கோலை உயரமாக ஏற்றிய மாட்டுவண்டி ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் சாய்ந்துவிடும். அதே வண்டியில் அதே எடைக்கு நெல் மூட்டையைத் தாழ அடுக்கினால் சாயாது. எடை ஒன்றுதான், அது இருக்கும் உயரம்தான் வேறு. ஜீப்பின் கதை முழுக்க இதுதான்.

1940-ல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன உளவு வண்டி வேண்டும் என்று 135 நிறுவனங்களுக்கு எழுதியது. மாதிரி வண்டி 49 நாளில் வர வேண்டும் என்பது நிபந்தனை. பேண்டம் என்ற சிறிய நிறுவனத்துக்காகக் கார்ல் புராப்ஸ்ட் என்ற பொறியாளர் வரைந்து கொடுத்தார். அந்த வண்டி செப்டம்பர் 23-ம் தேதி ராணுவ முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து வளர்ந்து, வில்லிஸும் ஃபோர்டும் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளியதுதான் உலகப் போர் ஜீப். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே சுமார் 49 அங்குலம்தான். எதிரி கண்ணில் படாமல் தாழ இருக்க வேண்டும், நான்கு பேர் சேர்ந்து தள்ளினால் நகர வேண்டும் என்பது அன்றைய தேவை. தாழ இருந்ததால் குறுகலாக இருந்தும் சமாளித்தது.

போர் முடிந்ததும் தேவை மாறியது. 1953-ல் வந்த சிஜே-3பி மாடலுக்கு உயரமான எஞ்சின் வைத்தார்கள். அதற்காகப் போனட்டை உயர்த்தினார்கள், அகலத்தைக் கூட்டவில்லை. மகிந்திரா உரிமம் வாங்கி இங்கே செய்த ஜீப் அந்த வழியில் வந்ததுதான். தாசில்தார் ஆபீஸ் வாசலிலும் தேர்தல் பிரச்சாரத்திலும் நாம் பார்த்தது அந்த உயர்ந்த போனட்டைத்தான்.

அமெரிக்காவில் அடுத்து வந்த சிஜே-5 1983 வரை விற்றது. 1972-ல் அதற்குள் வி8 எஞ்சினையே வைத்தார்கள். அதற்காக வண்டியின் நீளத்தைக் கூட்டினார்கள். அகலம் ஏறக்குறைய பழையபடியே இருந்தது. இளைஞர்கள் வாங்கிப் பெரிய டயர் போட்டு, உயரத் தூக்கி, தார்ச்சாலையில் வேகமாக ஓட்டினார்கள். 1980 டிசம்பரில் '60 மினிட்ஸ்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சிஜே-5 திருப்பத்தில் கவிழும் சோதனைப் படத்தைக் காட்டினார்கள். சோதனை செய்த விதம் பற்றி விவாதம் உண்டு. ஆனால் நடந்ததைப் பாருங்கள்: 1982-ல் சிஜே-7 மாடலின் அச்சுகளை 4 அங்குலத்துக்கு மேல் அகலமாக்கினார்கள். அடுத்து வந்த 1987 மாடல் ராங்ளர் இன்னும் அகலம், உயரமும் குறைவு. அகலத்தின் அருமை புரிய நாற்பது ஆண்டுகள் ஆயின.

இப்போது கணக்கு. சக்கர அகலத்தை, எடைமையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுக்க வேண்டும். விடை பெரிதாக இருந்தால் வண்டி கவிழ்வது கடினம். அமெரிக்க அரசு கார்களுக்குக் கவிழும் அபாய மதிப்பீடு கொடுப்பதற்கும் இதுதான் அடிப்படை. உதாரணத்துக்கு அகலம் 49, எடைமையம் 25 அங்குல உயரம் என்று வைப்போம். 49-ஐ 50-ஆல் வகுத்தால் 0.98. ஸ்பிரிங்கும் டயரும் சேர்ந்து எடைமையத்தை 3 அங்குலம் உயர்த்தினால் 49-ஐ 56-ஆல் வகுக்க வேண்டும்: 0.875. பழைய 0.98-க்குத் திரும்ப அகலம் 55 ஆக வேண்டும். அதாவது 3 அங்குலம் ஏறியதற்கு 6 அங்குலம் அகலம் கொடுக்க வேண்டும். ஏறக்குறைய இந்த அளவைத்தான் அந்த நிறுவனமும் கொடுத்தது.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடிதான் உயரும், அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் முட்டும் டிஃபரன்ஷியல் உயர வேண்டுமானால் டயர்தான் பெரிதாக வேண்டும். ஸ்பிரிங் அந்த டயருக்கு இடம் மட்டும் கொடுக்கும். ஆகவே முதலில் டயரை முடிவு செய்யுங்கள். அது மட்கார்டில் உரசாத அளவுக்கு மட்டும் தூக்கினால் போதும்.

ஸ்பிரிங்கிலும் பல வழி உண்டு. பழைய கட்டில் ஒரு தடித்த லீஃபைச் சேர்ப்பது மலிவு, ஆனால் இடுப்பெலும்பு சொல்லும். நீளமான, மெல்லிய லீஃப் பல சேர்ந்த கட்டு மென்மையாக மடங்கும். ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி 1 அங்குலம்தான் ஏறும், முன் அச்சின் சாய்வும் மாறி ஸ்டியரிங் அலையும். எந்த வழியில் தூக்கினாலும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம், பிரேக் ஹோஸின் நீளம், ஸ்டியரிங் ராடு மூன்றையும் பார்க்க வேண்டும்.

அகலத்துக்கு அமெரிக்கர்கள் ஸ்கவுட், வேகனீர் போன்ற பெரிய வண்டிகளின் அச்சைக் கழற்றிப் பழைய ஜீப்பில் பொருத்தினார்கள். அதிலும் முன் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸின் ஷாஃப்ட் வெளிவரும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். அச்சை மாற்றாமல் ஸ்பேசர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளலாம். அப்போது அந்தச் சுமை வீல் பேரிங் மேல் விழும்.

நம் ஊரில் சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் ஒரு போல்ட்டையும் கழற்ற வேண்டாம்.

என் கருத்து இதுதான். பழைய லீஃபை எடுத்துவிட்டு அதே அளவில் நல்ல புது லீஃப் போடுங்கள். தளர்ந்து இறங்கிய பழைய ஜீப் அதிலேயே தன் சொந்த உயரத்துக்கு வந்துவிடும். பின் சீட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்புகிறவர்களுக்கு அந்த உயரம் போதும்.

ஜீப் வைத்திருப்பவர்கள் டேப் பிடித்துச் சக்கர அகலத்தை அளந்து கமெண்டில் எழுதுங்கள். டயர் நடுவிலிருந்து டயர் நடுவுக்கு அளக்க வேண்டும். வகுப்பில் சொல்வதுபோல, விடை மட்டும் போதாது, வழிமுறையும் வேண்டும்!