சேறு காத்த அரட்டை

மாலையில் நண்பர்கள் கூடினால் என்ன பேசுகிறீர்கள்? காலையில் தின்ற ஆப்பம், பக்கத்து வீட்டு நாய்க்குட்டி, வாங்க நினைத்திருக்கும் செருப்பு... ஒரு மணி நேரம் பேசிவிட்டு எழுந்தால் பாதி நினைவில் நிற்பதில்லை. இந்தப் பேச்சை யாரும் கல்லில் வெட்டுவதுமில்லை, செப்பேட்டில் பொறிப்பதுமில்லை. அதனால்தான் பழங்கால மன்னர்களின் போர்களை அறிந்த நாம், அவர்களுடைய படைவீரன் தன் தோழனிடம் என்ன பேசினான் என்பதை அறியோம். அப்படிப்பட்ட பேச்சு அபூர்வமாகத் தப்பிப் பிழைத்த இடம் ஒன்று உண்டு. வட இங்கிலாந்திலுள்ள விண்டோலாண்டா என்னும் ரோமானியக் கோட்டைதான் அது.

1973ஆம் ஆண்டு அங்கே அகழ்ந்துகொண்டிருந்த ராபின் பர்லி என்ற தொல்பொருள் ஆய்வாளரின் கையில் ஈர மரச்சீவல்கள் சில அகப்பட்டன. தச்சர் இழைத்துத் தள்ளிய கழிவு போலிருந்தன. ஒட்டிக்கிடந்த இரண்டைப் பிரித்துப் பார்த்தால், உட்புறத்தில் மையால் எழுதிய கோடுகள்! உடனே டர்ஹாம் நகரிலிருந்த எழுத்தறிஞர் ஒருவரிடம் அவற்றை எடுத்துச் சென்றார். அங்கே பொதியை அவிழ்த்தபோது எழுத்தைக் காணோம். காற்றுப் பட்டதும் மரம் கறுத்து, கரிய மையும் கரிய மரமும் ஒன்றாகிவிட்டன.

இங்கேதான் பௌதிகம் கைகொடுத்தது. மையின் முக்கியப் பொருள் கரி. கரி அகச்சிவப்புக் கதிர்களை விழுங்கிக்கொள்ளும். கறுத்த மரமோ அவற்றைத் திருப்பி அனுப்பும். ஆகவே அக்கதிர்களைப் பதிவு செய்யும் பிலிமில் எடுத்த படத்தில் மரம் வெளிறியும் எழுத்து கறுத்தும் தெரிந்தன. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் எடுத்த அப்படங்களை வைத்து ஆலன் போமன், டேவிட் தாமஸ் என்ற இரு அறிஞர்கள் எழுத்துகளைப் படித்தனர். கிறுக்கலான கையெழுத்து; சிரமமான வேலை.

மரம் 1,900 ஆண்டுகள் மக்காமல் இருந்தது எப்படி என்று கேட்பீர்கள். அந்தக் கோட்டை மரத்தாலானது. பழசானதும் இடித்துத் தரைமீது களிமண்ணும் புல்வேர்க்கட்டியும் பரப்பி, மேலே புதிதாகக் கட்டினார்கள். அடியிலிருந்த குப்பை நீர் ஊறிய சேற்றில் அடைபட்டது. பிராணவாயு புகாத இடத்தில் மரத்தை அரிக்கும் பூஞ்சைகள் வாழ முடியாது. குப்பை என்று எறிந்ததுதான் நமக்குப் புதையலாயிற்று.

அப்படி என்னதான் எழுதியிருக்கிறார்கள்? ஒருவர் தோழனுக்குக் காலுறைகளும் இரண்டு ஜோடிச் செருப்பும் இரண்டு உள்ளாடைகளும் அனுப்பியதாகச் சொல்கிறார். சொலெம்னிஸ் என்பவன், 'நான் நலம். நீயோ ஒரு கடிதங்கூடப் போடவில்லையே' என்ற பொருள்பட நண்பனைக் கடிந்துகொள்கிறான். வேறொருவனுக்குச் சினேகிதன் 50 சிப்பிகள் அனுப்பியிருக்கிறான், சாப்பிடத்தான். படைத்தலைவர் செரியாலிஸ் நண்பரிடம் வேட்டை வலை கேட்கிறார். வேட்டைக்கு நாய் வேண்டுமே? நாய்களின் எலும்புகள் அவ்விடத்தில் ஏராளமாகக் கிடைத்துள்ளன.

ஒரு பட்டியலில் கம்பாக்ஸ் என்ற வீரனின் பெயருக்கு நேரே மிளகு, 2 டெனாரி வெள்ளிக்காசு என்றிருக்கிறது. ரோமானியருக்கு மிளகு நம் மேற்குக் கரையிலிருந்து, முசிறி போன்ற துறைமுகங்கள் வழியாகச் செங்கடல் கடந்து போயிற்று. மலையாளக் கரையின் மழையில் விளைந்த காரம் வட இங்கிலாந்தின் குளிரில் ஒரு சிப்பாயின் கஞ்சியில் சேர்ந்திருக்கலாம்! அவனுடைய பெயரும் ரோமானியப் பெயராகத் தோன்றவில்லை. செரியாலிஸின் வீரர்களோ ரைன் நதி முகத்துவாரத்திலிருந்து வந்த படாவியர்கள். ஊரைவிட்டு வெகு தொலைவில் கிடந்தவர்களுக்கு உணவும் கடிதமும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று, விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கி.பி. 100ஐ ஒட்டி எழுதிய ஓர் அழைப்பு. வேறொரு படைத்தலைவரின் மனைவி கிளாடியா செவெரா, செப்டம்பர் 11ஆம் தேதி தன் பிறந்த நாளுக்கு வரும்படி செரியாலிஸின் மனைவி லெபிடினாவை அழைக்கிறாள். கடிதத்தை எழுத்தர் அழகாக எழுதிவிட்டார். அவளுக்கோ அது போதவில்லை. ஓரத்தில் கோணல்மாணலாக, தன் கையாலேயே, தங்கையே உன்னை எதிர்பார்ப்பேன் என்று அன்பொழுக எழுதிச் சேர்த்திருக்கிறாள். ஒரு பெண் இலத்தீனில் தன் கைப்பட எழுதியவற்றுள் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவற்றில் இவ்வரிகளும் அடங்கும்.

இன்னொருவன் மாஸ்க்லுஸ். வெளியே பணியிலிருந்த இவன் மறுநாள் என்ன செய்வதென்று செரியாலிஸிடம் உத்தரவு கேட்டுவிட்டு, கடைசியில், வீரர்களிடம் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்று முடிக்கிறான். 2017ஆம் ஆண்டு சேற்றிலிருந்து மேலும் 25 பலகைகள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றில் மறுபடியும் மாஸ்க்லுஸ். இம்முறை அவன் கேட்டது விடுமுறை.